நெட் இருக்கு, ஆனா இல்லை

கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஓடும் பட்டைக்கு டாஸ்க்பார் என்று பேர். அதன் வலது கோடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பட்டாணி சைஸில் ஒரு படம் இருக்கும். வைஃபை என்றால் விசிறி மாதிரி வளைவுகள். ஒயர் என்றால் ஒரு குட்டித் திரை. நெட் இல்லை என்றால் ஒரு பூகோள உருண்டை, அதன் மேல் ஒரு தடை முத்திரை. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பட்டாணியைப் பற்றித்தான். இதுக்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள், ஊரில் வயசானவர்களை விட்டுவிட்டு வடக்கே குப்பை கொட்டாதவர்கள் என்று நினைக்கிறேன் :-)

முதலில் ஒரு டிஸ்கி. நான் பொட்டி தட்டுகிறவன் இல்லை. பி.காம். முடித்து, பேங்கில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் மேல் டிரான்ஸ்ஃபராக வாங்கி, இப்போது நாக்பூரில் இருப்பவன். கிளையில் நெட்வொர்க் படுத்துவிட்டால் கவுண்டருக்கு வெளியே நிற்கிற ஜனத்துக்கு பதில் சொல்வது என் வேலை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நெட் படுத்துவிட்டால் போனிலேயே வைத்தியம் பார்ப்பதும் என் வேலை. இந்த இரண்டு தகுதியில்தான் பேசுகிறேன்.

என் கட்சி இதுதான். அந்தப் படம் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. நாம் கேட்பது ஒன்று, அது பதில் சொல்வது வேறு ஒன்று. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர், வீட்டில் யாருக்கு கம்ப்யூட்டர் ரொம்பக் குறைவாகத் தெரியுமோ அவர்.

கொஞ்சம் பழைய கதை பார்த்துவிடலாம்.

டாஸ்க்பார் வந்தது விண்டோஸ் 95-ல். நம்ம ஊரில் வி.எஸ்.என்.எல். பொதுஜனத்துக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்ததும் அதே 1995-ல்தான். டெலிபோன் லைனில் மோடம் கத்திக் கதறி இணைப்பு கிடைத்ததும் மூலையில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்கள் தோன்றும். அது இருக்கிறவரை டெலிபோன் மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அதனால் அந்தப் படத்தைப் பார்ப்பதில் நமக்கு ஒரு பயபக்தி இருந்தது. வேலை முடிந்ததும் முதல் காரியமாக அதை அமுக்கி இணைப்பைத் துண்டிப்போம்.

2001-ல் எக்ஸ்பி வந்தது. அதிலும் அதே இரண்டு குட்டித் திரைகள். நாம் எதையாவது அனுப்பினால் ஒன்று மினுக்கும், அங்கிருந்து ஏதாவது வந்தால் இன்னொன்று மினுக்கும். ஒரு திரை மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தால், நாம் கூப்பிடுகிறோம், எதிர்முனை பதில் சொல்லவில்லை என்று ஒரு சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அந்தப் படம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நடப்பதைக் காட்டியது, அவ்வளவுதான். முடிவு பண்ணுவது நம்மிடம் இருந்தது.

2004-ல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது ஒரு மஞ்சள் முக்கோணம் சேர்ந்தது. "லிமிடெட் ஆர் நோ கனெக்டிவிட்டி" என்று ஒரு பலூன் வேறு கிளம்பும். ரவுட்டரிடமிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு விலாசம் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கொஞ்சமாக இருக்கிறது அல்லது இல்லவே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்கிற அந்த வாசகத்தை எழுதியவர் எந்த அரசாங்க ஆபீஸில் பயிற்சி எடுத்தாரோ!

2007-ல் விஸ்டா வந்ததிலிருந்து கம்ப்யூட்டரே சோதனை பண்ணித் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் அந்த மினுக்கலை எடுத்தே விட்டார்கள். தீர்ப்பு மட்டும் மிச்சம்.

அந்தத் தீர்ப்பு எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? நீங்கள் இணைப்புப் போட்டதும் உங்கள் கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஒரு விலாசத்துக்குப் போகும். அங்கே ஒரு துக்கடா ஃபைல் இருக்கும். முன்பு அதில் "மைக்ரோசாஃப்ட் என்.சி.எஸ்.ஐ." என்ற இரண்டே வார்த்தை. 2016-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற மூன்று வார்த்தை. அந்த வார்த்தைகள் அப்படியே வந்து சேர்ந்தால் நெட் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. ஆண்ட்ராய்டு போன் இதே மாதிரி கூகுளைக் கேட்கும். ஐபோனும் மேக்கும் ஆப்பிளைக் கேட்கும். ஆகவே இது ஒரு கம்பெனியின் குணம் மட்டும் இல்லை.

ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு அத்தை வீட்டுக்குப் போன் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை எடுத்தால் ஊரே சௌக்கியம். அத்தை எடுக்காவிட்டால் ஊரே இல்லை! அந்தப் பட்டாணி செய்வது இதைத்தான். முக்கால்வாசி நாள் இது சரியாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அத்தை குளிக்கப் போயிருக்கலாம். அல்லது அத்தை மட்டும் சௌக்கியமாக இருந்து, நாம் தேடுகிற மாமா வீடு பூட்டிக் கிடக்கலாம்.

அத்தை எடுக்காத கேஸுக்கு எங்கள் தொழிலே உதாரணம். பேங்க் கிளைகளில் கவுண்டர் கம்ப்யூட்டர்கள் வெளி இன்டர்நெட்டில் இருப்பதில்லை. பாதுகாப்புக்காக பேங்கின் சொந்த மூடிய நெட்வொர்க்கில் ஓடும். அதனால் அவை மைக்ரோசாஃப்ட்டை எட்டிப் பார்க்க முடியாது. விளைவு, மூலையில் வருஷம் 365 நாளும் "நெட் இல்லை" என்ற அடையாளம். ஆனால் உள்ளே பணம் போடலாம், எடுக்கலாம், டிராஃப்ட் போடலாம், எல்லாம் ஜோராக நடக்கும். அந்தச் சோதனையை நிறுத்திவைக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. எல்லா இடத்திலும் செய்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, "நெட்வொர்க் நஹி ஹை, கல் ஆயியே" என்று வரிசையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டான். அதில் ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவர். நல்லவேளையாக வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் வேலையை ஐந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பினோம். ஒரு பட்டாணிப் படத்தின் விலை ஒருவருக்கு ஒரு நாள் கூலியாக இருந்திருக்கும்.

2020 ஜூலையில் இன்னொரு கூத்து நடந்தது. விண்டோஸ் 10-ன் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, நெட் நன்றாக வேலை செய்கிற கம்ப்யூட்டர்களிலும் "நெட் இல்லை" என்று காட்டியது. பிரவுசரில் எல்லாம் திறக்கும், மூலையில் மட்டும் இல்லை என்று இருக்கும். சரி, படம்தானே என்று விடவும் முடியவில்லை. சில மென்பொருள்கள் அந்தத் தீர்ப்பை நம்பி, நெட் இல்லாதபோது நான் எதற்கு என்று வேலை செய்ய மறுத்துவிட்டன. ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து நெட்டையே நம்பியிருந்த காலம் அது.

இனி அத்தை எடுத்து, மாமா வீடு பூட்டிய கேஸ். நீங்கள் நாக்பூரிலோ போபாலிலோ உட்கார்ந்து ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள் என்றால் நடுவில் நாலு கட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து வீட்டு ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் வரை இரண்டு. அங்கிருந்து வெளியுலகம் மூன்று. நீங்கள் தேடிப்போகும் ஆபீஸின் சர்வர் நாலு. அந்த விசிறி வளைவுகள் எத்தனை நிறைந்திருக்கின்றன என்பது முதல் கட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அதாவது, பக்கத்து அறையில் இருக்கும் டப்பாவிலிருந்து சிக்னல் பலமாக வருகிறது என்று. அந்த டப்பாவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அந்த வளைவுகளுக்குத் தெரியாது. 2016-லிருந்து ரயில் நிலையங்களில் இலவச வைஃபை வந்ததே, அங்கே பார்த்திருப்பீர்கள். வளைவுகள் நிறைந்து இருக்கும். நம்பர் போட்டு ஓ.டி.பி. அடிக்கிறவரை ஒரு பக்கமும் திறக்காது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிளஸ் ஒன்னில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? நம் ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் வேறு இருப்பு இருக்கும். இரண்டும் பொய் இல்லை. கொடுத்த செக் இன்னும் பேங்குக்கு வரவில்லை, பேங்க் பிடித்த கட்டணத்தை நாம் இன்னும் எழுதவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதினால் வித்தியாசம் எங்கே என்று தெரிந்துவிடும். வித்தியாசத்துக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். டாஸ்க்பார் படம் ஒரே ஒரு ஏட்டின் இருப்பை மட்டும் காட்டிவிட்டு, பட்டியலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது.

சும்மா தத்துவம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் கோவில்பட்டியில் எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல். போன் திரை சின்னதாக இருக்கிறது என்று என் பழைய லேப்டாப்பில்தான் பேத்தியோடு பேசுவார். ஒரு வாரம் படம் உறைந்து உறைந்து நின்றது, குரல் பாதி பாதியாக வந்தது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கேட்டது ஒரே கேள்வி. "கீழ வலது பக்கம் வைஃபை சிம்பல் ஃபுல்லா இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"அப்ப எங்க லைன்ல ப்ராப்ளம் இல்லம்மா. உங்க சிஸ்டத்தைப் பாருங்க."

புகார் முடிந்தது என்று ஒரு எஸ்.எம்.எஸ். இரண்டு நாள் கழித்து மறுபடி புகார், மறுபடி அதே கேள்வி, மறுபடி எஸ்.எம்.எஸ்.

நான் போன் பண்ணியபோது அம்மா சொன்னது இது: "நாந்தான் எதையும் அமுக்கிப்புட்டேனோ என்னமோய்யா. இனிமே அதத் தொடமாட்டேன்." அப்புறம் நிஜமாகவே தொடவில்லை. லேப்டாப்பை மூடி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது படம் உறைந்ததற்கு இல்லை, இந்தப் பேச்சுக்குத்தான். 1500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற பேத்தியைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலை, தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு தானே சாத்திவிட்டார்.

கடைசியில் விடை கண்டுபிடித்ததும் அம்மாதான். கரண்ட் போனால் என்ன செய்வோம்? முதலில் வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்போம். "நம்ம வீட்டுக்கு மட்டுமா, தெருவுக்கே போச்சா?" 2008-க்கு அப்புறம் நாலைந்து வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டோடு குடித்தனம் நடத்திய எவருக்கும் இது கை தானாகச் செய்கிற காரியம். எதிர்வீட்டிலும் அதே கம்பெனி நெட். அம்மா போய் விசாரித்தால் அங்கேயும் ஒரு வாரமாக இதே கதை. ஏதோ விசேஷத்துக்குப் பந்தல் போட்டவர்கள் கம்பத்தில் ஏணி சாய்த்ததில் ஃபைபர் ஒயர் ஜாயிண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் மடங்கியிருந்தது. ஒயர் அறுந்துபோகவில்லை. அதனால் மூன்று வார்த்தை துக்கடா ஃபைல் எப்படியோ வந்து சேர்ந்துவிடும், மூலையில் படம் நிறைந்து நிற்கும். வீடியோ மட்டும் வராது. இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து சத்தம் போட்டதும் லைன்மேன் வந்தார், அரைமணியில் சரியானது.

எதிர்வீட்டைப் பார்ப்பது என்ற அந்தச் சின்ன புத்தி டாஸ்க்பாரில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. பழுது என் வீட்டுக்குள்ளா, தெருவிலா, கம்பெனியிலா, அந்தக் கடைசி ஆபீஸிலா? இதைச் சொல்லாத அடையாளம் யாருக்குச் சௌகரியம்? பழுதுக்குப் பொறுப்பானவருக்குச் சௌகரியம். "உங்க சிஸ்டத்தைப் பாருங்க" என்று ஒரு வாக்கியத்தில் கைகழுவிவிடலாம். மறுத்துப் பேசத் தெரிந்தவன் பேசுவான். தெரியாதவர் துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பட்டாணி சைஸ் படத்தில் எவ்வளவுதான் காட்ட முடியும், சாதாரண ஜனத்துக்கு இருக்கு இல்லை என்பது போதாதா, நாலு கட்டம் காட்டினால் குழம்பமாட்டார்களா என்று. இந்த வாதத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. நம் ஜனம் இன்வெர்ட்டரில் எந்த விளக்கு லைன் கரண்ட், எந்த விளக்கு பேட்டரி என்று படிக்காமலே கற்றுக்கொண்டது. ஃபைபர் டப்பாவில் எல்.ஓ.எஸ். என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் கம்பெனியிலிருந்து வரும் ஒளியே டப்பாவுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் எந்தப் பாட்டிக்கும் புரியும். டப்பாவால் சொல்ல முடிகிறது, அதைவிடப் பல மடங்கு மூளை உள்ள கம்ப்யூட்டரால் முடியாதா? அந்த நாலு கட்டத்துக்கும் நாலு புள்ளி, பழுதான இடத்தில் சிவப்பு. அவ்வளவுதான் வேண்டும்.

எங்கள் தொழிலும் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2016-ல் யூ.பி.ஐ. வந்தது. வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலை போதவில்லை. உங்கள் கணக்கில் பணம் பிடித்திருக்கும், எதிராளிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் "நிலுவையில்" என்று மூன்றாவது நிலையும் திரையில் வருகிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து, போய்ச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வரவேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும். நடுவில் ஒரு நிலை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்கு யார் பொறுப்பு என்றும் எழுதியபிறகுதான் ஒழுங்கு வந்தது. நெட் இணைப்புக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதுவரை நாம் என்ன செய்வது? ஊரில் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த நாலையும் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, நெட் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

ஒன்று: முதலில் டப்பாவைப் பார். எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தால் கம்பெனிப் பழுது. கம்ப்யூட்டரைத் தொடவேண்டாம்.

இரண்டு: சிவப்பு எரியவில்லையா? போனை அதே வைஃபையில் போட்டுப் பார். போனில் நன்றாக வந்தால் பழுது லேப்டாப்பில். போனிலும் தகராறு என்றால் லேப்டாப் குற்றமில்லை.

மூன்று: போனில் வைஃபையை அணைத்து, சிம் நெட்டில் அதே பக்கத்தைத் திற. அதிலும் திறக்கவில்லை, மற்ற பக்கங்கள் திறக்கின்றன என்றால் அந்த ஆபீஸின் சர்வர் பழுது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு: எதிர்வீட்டில் கேள்.

புகார் பண்ணும்போது "சிம்பல் ஃபுல்லா இருக்கா?" என்று கேட்டால், "அது எங்க டப்பா வரைக்கும்தான் சொல்லும், டப்பாவுக்கு வெளிய பாருங்க" என்று பதில் சொல்லச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கிளையில் நான் பார்த்தது, தேதியும் எண்ணும் கையில் வைத்திருப்பவரை யாரும் சுலபத்தில் திருப்பி அனுப்புவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் காகிதத்தின் தலைப்பில் ஒரு வரி எழுத மறக்காதீர்கள்: "நெட் வரவில்லை என்றால் முக்கால்வாசி அது உங்கள் தப்பு இல்லை." படம் போடுகிற கம்பெனிக்காரன் இதை எழுதமாட்டான். நாம்தான் எழுதவேண்டும்.

பி.கு.: அம்மா இப்போது தெருவில் நாலு வீட்டுக்கு நெட் ஆலோசகர். கம்பத்தைப் பார்த்தாலே ஜாயிண்ட் பெட்டி எது என்று காட்டுகிறாராம். எனக்கு வரும் போன் குறைந்திருக்கிறது என்பதில் மட்டும் கொஞ்சம் வருத்தம் :-)